ஈசல் பறந்த பதினெட்டாம் நாள்

தைலமரக் காட்டில் காவல் வேலை பார்ப்பவனிடம் யாரும் மரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. காளான் என்றைக்கு வரும் என்றுதான் கேட்பார்கள். தெரியாத ஒன்றுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு என் பாடு புரியும்.

விரல் கணக்கு

என் மனைவி கோவிந்தம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது சித்தூர் ஆஸ்பத்திரியில். மூச்சு வாங்கியது. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று எங்கள் ஊர் குடிபாலாவில் மழையா, ஈசல் கிளம்பியதா என்று கேட்டாள். சாயங்காலம் மேற்குப் புற்றிலிருந்து கிளம்பியது என்றேன். ஈசல் பறந்த புற்றைச் சுற்றித்தான் காளான் வரும். எத்தனையாவது நாள் என்பதுதான் கேள்வி. அவள் விரல் மடக்கி எண்ணினாள். மாற்றுச் சேலை எடுத்துவர நான் பஸ் ஏறினேன். திரும்பியபோது அவள் இல்லை. கடைசியாகச் சொன்னது இதுதான்: "பதினெட்டாம் நாளு வரும். பொம்பளைங்ககிட்ட சொல்லிடுய்யா."

தகர டப்பா

காளான் பறிக்கும் அந்தப் பெண்கள் என்னை நம்ப வேண்டுமே! சில வருஷம் முன்பு பால் பவுடர் டப்பாவில் கோடு கிழித்து, மழையை அளந்து நோட்டில் எழுதிவந்தேன். டப்பா நிறைந்ததும், "நாளைக்கு வாங்க" என்று சொல்லியனுப்பினேன். பெண்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு காளான்கூட இல்லை. டப்பாவை நான் வைத்திருந்தது மரக்கிளைக்குக் கீழே. இலையில் வழிந்த தண்ணீரையும் மழையென்று எழுதியிருக்கிறேன். கோவிந்தம்மா கேட்டாள்: "டப்பாவயே பாத்துக்கினு இருந்தியே, மண்ணுல கை வெச்சியாய்யா?"

ஆபீசர் கழற்றிய ஷூ

அவள் இருந்தபோது ஒருமுறை, காட்டில் எத்தனை கிலோ காளான் விளையும் என்று எழுதிப்போக திருப்பதியிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். கோவிந்தம்மா அவரை விடியற்காலையில் அழைத்துப் போனாள். முந்தின நாள் அவரே நடந்து பார்த்த வெறுந்தரை. இப்போது புற்றைச் சுற்றிப் பத்தடிக்கு வெள்ளை வெள்ளையாக, மண்ணைத் தலையில் சுமந்தபடி நின்றன. யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றினார். கையிலிருந்த படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதை எங்கே எழுதுவது என்று தெலுங்கில் என்னையே கேட்டார்: "இதி எக்கட ராயாலய்யா?"

மேற்குப் புற்று

கோவிந்தம்மாவின் காரியத்தன்று பெண்களிடம் சொன்னேன்: "நாளைக்குப் பதினெட்டு." ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ராணி கேட்டாள், "அண்ணா, இது நீ சொல்றதா, அக்கா சொன்னதா?"

"அக்கா."

மறுநாள் விடியுமுன் ஒன்பது பேர் வந்தார்கள். மேற்குப் புற்றில் ஒன்றுமில்லை. ராணி கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக் கிளம்பினாள். இன்னொரு நாள் கூலி என்னால் போயிற்று. கோவிந்தம்மாவின் பேரும் சேர்ந்து போகப்போகிறது. மண்டியிட்டு மண்ணில் கை வைத்தேன். உப்பியிருந்தது. மயிரிழையாக ஒரு விரிசல். "இருங்கம்மா" என்றேன்.

உட்கார்ந்தோம். வெளிச்சம் ஏற ஏற ஓரிடத்தில் மண் தூக்கிக்கொண்டது. அப்புறம் அதன் பக்கத்தில். அப்புறம் புற்றைச் சுற்றிலும். சத்தமே இல்லை. ராணி இடுப்பிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

விரியாத மொக்குகளை வழக்கம்போல் விட்டுவிட்டு மற்றதைப் பறித்தார்கள். ராணி முதல் கை காளானை என் துண்டில் போட்டாள்: "அக்கா கணக்கு தப்பல. நீ மறுபடியும் டப்பாவ தூக்கிக்கினு வந்துடாத அண்ணா."

மேற்கே ஏழு புற்று மீதியிருக்கிறது, விரல் மடக்கி எண்ண நான் ஒருவன் மீதியிருக்கிறேன், அதிலும் என் கணக்கு ஒரு நாள் முன்னே பின்னே ஆகிவிடுகிறது.