முனியப்பனிடம் இருந்த சாவி

பாஞ்சாலிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. தொப்பூர் கணவாயில் லாரியின் பின்னால் போய் மோதி, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய வெள்ளைக் கார். ஓட்டி வந்த ஓசூர்ப் பையன் அங்கேயே போய்விட்டான். இனித் தேறாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துவிட்ட வண்டியை, அவள் புருஷன் மாதவராஜ் வாங்கிக் கட்டி இழுத்துவந்து மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பாப்பிரெட்டிப்பட்டியில் முப்பது வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்த மனுஷன். சொன்னால் கேட்கிற ஆளா?

அவர் வாங்கியதிலும் ஒரு நியாயம் இருந்தது. போன வருஷம் மகள் பிரியதர்ஷினிக்குத் தலைப்பிரசவம். வலி கண்ட நேரத்தில் ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. கிடைத்த ஆட்டோவில் ஏற்றி, தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே குழந்தை பிறந்து, அழாமலே அடங்கிவிட்டது. பாஞ்சாலியின் மடியில்தான் கிடந்தது. அந்தச் சூடு இன்னமும் அவள் மடியை விட்டுப் போகவில்லை. இப்போது பிரியா மறுபடி ஆறு மாத வயிற்றோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். "இந்தத் தடவ எம்புள்ள என் வண்டியில போவும்" என்று மாதவராஜ் சொன்னபோது பாஞ்சாலியால் வாய் திறக்க முடியவில்லை.

வாய்தான் திறக்கவில்லை, கை சும்மா இருந்ததா என்ன? வண்டி வந்த மறுநாளே சாவியை எடுத்துப் பார்த்தாள். கறுப்புப் பிடியின் இடுக்கில் துருநிறத்தில் ஏதோ காய்ந்திருந்தது. ரத்தம்தான் என்று நினைத்தாள். செத்தவன் கடைசியாகத் தொட்ட பொருள். அதை வீட்டுக்குள் மாட்டி வைத்தால் அவனும் கூடவே உள்ளே வருவான் என்று பயந்தாள். யாருக்கும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டு சாவிக்காரரிடம் அதே மாதிரி ஒன்று வெட்டி வாங்கி, பழைய தோல் உறையை அதற்கு மாட்டி ஆணியில் தொங்கவிட்டாள். நிஜச் சாவியை மஞ்சள் துணியில் முடிந்து ஊர் எல்லை முனியப்பன் கோயிலுக்குக் கொண்டுபோனாள். அங்கே சாமியின் வேலாயுதத்தைச் சுற்றிய சங்கிலி முழுக்க வேண்டுதல் பூட்டுகள். தன் பங்குக்கும் ஒரு பூட்டைப் போட்டு முடிச்சை அதில் மாட்டினாள்.

"சாமி, அந்தப் பையன உன்கிட்டயே வெச்சுக்க. என் வூட்டுப் பக்கம் உட்றாத" என்று கும்பிட்டாள். பூட்டின் சின்னச் சாவியைத் தாலிக்கயிற்று ஊக்கில் கோத்துக்கொண்டாள். வேண்டியது பலிக்கும்வரை அந்தப் பூட்டைத் திறக்கக் கூடாது. அதுதான் அங்கே முறை.

மூன்று மாதம் தட்டி, ஒட்டி, ரேடியேட்டர் மாற்றி, ஒரு வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து மாதவராஜ் சாவியைத் திருகினார். என்ஜின் கிர்ர்ர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். சுற்றியதே தவிரப் பிடிக்கவே இல்லை.

"பேட்டரி இருக்குது, பெட்ரோல் வருது, அப்புறம் இன்னாடா கேடு உனக்கு?" என்று வண்டியைத் திட்டினார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துச் சுற்றவிட்டுப் பார்த்தார். பொறி அடிக்கவில்லை. இக்னிஷன் காயிலை மாற்றினார். சென்சார் மாற்றினார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். லாரி என்ஜினில் கண்ணை மூடிக்கொண்டு கைவைக்கிற மனுஷனுக்கு இந்தப் பெட்ரோல் கார் தண்ணி காட்டியது.

ஒவ்வொரு தடவை அது சுற்றும்போதும் அடுப்படியில் பாஞ்சாலியின் கை அப்படியே நின்றுவிடும். மூச்சுக்குத் திணறுகிறவனின் நெஞ்சு இழுப்பதுபோல இருந்தது அந்தச் சத்தம். பையன் எங்கேயும் போகவில்லை, உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, இடுப்பு புடுங்குதும்மா."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ஊரில் கார் வைத்திருந்த ஒரே ஆளும் குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தார். போன வருஷமும் இதே மாதிரிதானே ஆரம்பித்தது!

அந்த நேரம் பார்த்துத்தான் அரூரிலிருந்து கார் எலக்ட்ரீஷியன் நவநீதன் பைக்கில் வந்து இறங்கினான். முந்தின நாளே மாதவராஜ் கூப்பிட்டிருந்தார். அவன் சாவியைத் திருகி, மீட்டர் போர்டை ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணா, இந்தச் செவப்பு லைட்டு எத்தன நாளா மின்னுது?"

"அது ஏர்பேக் வெடிச்சதுல வர்றதுனு உட்டுட்டேன்பா."

"இது சாவி லைட்டுண்ணா. ஒரிஜினல் சாவிப் புடிக்குள்ள ஒரு சிப் இருக்கும். அத அடையாளம் பாத்தாதான் வண்டி பொறியே உடும். இல்லனா விடிய விடிய சுத்துனாலும் புடிக்காது." தோல் உறையை உருவியவன் சிரித்துவிட்டான். "இது பஸ் ஸ்டாண்டுல வெட்டுனதுண்ணா! ஒரிஜினல் எங்க?"

பாஞ்சாலி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. பூட்டைத் திறந்தால் கட்டிவைத்தவன் அவிழ்ந்து வருவான். சாமி கோபமும் சேர்ந்து வரும். அதுவும் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுக்கு! உள்ளேயிருந்து பிரியா வீல் என்று கத்தினாள்.

"முனியப்பன்கிட்ட இருக்குதுங்க. பூட்டு போட்டுட்டேன்" என்றாள் பாஞ்சாலி.

மாதவராஜ் முகம் வெளிறிப்போனது. யாருக்கும் அடங்காத மனுஷன், குரல் இறங்கிப்போய், "வேண்டுதல் பூட்டா? அதத் தொறக்கக் கூடாதே புள்ள" என்றார்.

"தொறக்கறேன். வர்றது எனக்கு வரட்டும்."

நவநீதன் அவளைப் பைக்கில் ஏற்றிக் கோயிலுக்கு விட்டான். வாசலைத் தாண்டி அவனும் வரவில்லை. பட்டப்பகலில் அந்த இடம் ஈ காக்காய் இல்லாமல் கிடந்தது. முனியப்பனின் முழித்த கண்ணைப் பார்க்கத் துணியாமல் சங்கிலியைத் துழாவித் தன் பூட்டைக் கண்டுபிடித்தாள். சின்னச் சாவி துளைக்குள் போகவே மாட்டேன் என்றது. மூன்றாவது தடவை பூட்டு வாய் திறந்தது. மஞ்சள் முடிச்சை உருவிக் கையில் எடுத்தாள்.

"தம்பி," என்றாள், சாமியிடம் இல்லை, அந்தப் பையனிடம். "உன்ன வூட்டுக்கு வராதனு சொன்னவ நாந்தான். தப்புதான்பா. நீயும் ஒருத்தி பெத்த புள்ளதான? வா, வந்து வண்டியில ஏறிக்க. எம்புள்ளய மட்டும் நல்லபடியா கொண்டுபோய்ச் சேத்துடு."

அவள் திரும்பி வந்தபோது பிரியாவைப் பின்சீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். மாதவராஜ் சாவியைப் போட்டார். சிவப்பு லைட்டு ஒரு தரம் எரிந்து அணைந்தது. பாதித் திருகலிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த உறுமலில் பாஞ்சாலிக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தர்மபுரி வரைக்கும் காலியாக இருந்த முன்சீட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும், "பாத்துப் போப்பா, பாத்துப் போப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாதவராஜ் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குள் போன இருபதாவது நிமிஷம் உள்ளே குழந்தை அழுதது. நர்ஸ் வந்து பொம்பளப்புள்ள என்றாள். பாஞ்சாலி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பிறகு புருஷன் கையிலிருந்த சாவியைக் கேட்டு வாங்கி, அந்தக் காய்ந்த கறையைத் துடைக்காமல், தன் தாலிக்கயிற்று ஊக்கில் கோத்துக்கொண்டாள்.