உப்புப் பார்த்தவள்

கோப்பை சுவரில் பட்டு உடைந்தது. கஞ்சி வழிந்து பாயின் ஓரத்தில் தேங்கியது.

"இத மனிசன் குடிப்பானா?" என்று கேட்டுவிட்டு முஹ்ஸின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவ்வளவு சொன்னதிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

அவன் மனைவி றம்லத் துணியால் துடைத்தாள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். அடுப்பில் மிச்சக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அதில் உப்புக் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, போடவே மறந்துவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. அவள் நோன்பு. அவளுக்கு மாமியான முஹ்ஸினின் உம்மாவும் நோன்பு. வீட்டில் நோன்பில்லாத ஒரே வாய் முஹ்ஸினுடையது. அது காய்ச்சல் வாய். பச்சைத் தண்ணீரே கசக்கிறது என்பவனிடம் உப்பைப் பற்றி என்ன கேட்பது?

"இஞ்ச ஊத்து," என்றது ஒரு குரல்.

பின்வாசல் அரைக்கதவுக்கு மேலாக ஒரு கை நீண்டிருந்தது. உள்ளங்கையைக் குழித்துப் பிடித்திருந்தது. கதவுக்கு அப்பால் ஒரு பெண் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். பின்னேர வெயில் அவளுக்குப் பின்னால் விழுந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. பலா மரங்களுக்கு அப்பால் முஹ்ஸினின் சொந்தக்காரர் வீடு ஒன்று இருந்தது. அங்கிருந்து வந்தவளாக இருக்கும் என்று றம்லத் நினைத்தாள். அக்குறணையிலிருந்து கல்யாணமாகி அவள் பிலிமத்தலாவைக்கு வந்து சில மாதங்கள்தான். எல்லா முகங்களும் இன்னும் பழகவில்லை.

அகப்பையால் கொஞ்சம் ஊற்றினாள். கொதிக்கிற கஞ்சி. அந்தக் கை அசையவில்லை.

பெண் நக்கிப் பார்த்தாள். "என்ன தங்கச்சி, கடலுக்குள்ள சட்டிய வச்சு ஆக்கினியா? ரெண்டாம் தேங்காப்பால் ஈக்கா? ஊத்து. ஒரு கொதி வரட்டும்."

றம்லத் ஊற்றினாள். ஒரு கொதி வந்தது. முஹ்ஸின் அரைக் கோப்பை குடித்தான்.

முப்பத்து நாலாம் ஆண்டின் கடைசி அது. மழை பொய்த்து ஆறு குட்டை குட்டையாகக் கிடந்தது. குட்டைகளிலிருந்து நுளம்பு வந்தது, நுளம்போடு காய்ச்சல் வந்தது. கொழும்பு வீதியில் பாதிக் கடைகளுக்குப் பலகை போட்டிருந்தார்கள். வெங்காயமும் செத்தல் மிளகாயும் விற்ற முஹ்ஸினின் கடையும் அதில் ஒன்று. கொயினா மருந்து கொடுக்க வந்த அப்போதிக்கரி கண் இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து நான் தருவேன். சாப்பாடு நீங்கதான் கொடுக்கணும். வெறும் வயித்துல இது நிக்காது. சாப்பிடாட்டி என்னால ஒண்டும் ஏலாது," என்று சொல்லிப் போயிருந்தார்.

ஆகவே முஹ்ஸின் உயிரோடு இருப்பதும் இல்லாததும் றம்லத்தின் சட்டியில் இருந்தது. அவளுக்கோ சமைக்கத் தெரியாது. வாப்பா வீட்டில் அவள் கடைக்குட்டி. தாத்தாமார் சமைத்தார்கள், அந்தப் பக்கத்தில் அக்காமாரை அப்படித்தான் அழைப்பது. அவள் தேங்காய் துருவினாள், அரிசி புடைத்தாள், அடுப்பை ஊதினாள்.

போதாக்குறைக்கு நோன்பு. நோன்பு மாதத்துச் சமையல் ருசி பார்க்காமல் செய்கிற சமையல். பழகிய கைக்கு ஆவியின் மணமே போதும். பழகாதவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. நாலு பெண்கள் உள்ள வீட்டில் எவளாவது ஒருத்திக்கு அந்தக் கிழமை நோன்பு இருக்காது. அவளைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார்கள். ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியிருக்கிறார். முதல் நாள் றம்லத் அப்படித்தான் வைத்தாள். துப்ப மறந்து விழுங்கிவிட்டாள். மாமியிடம் சொன்னதுதான் பிழை. "நாக்க அடக்கத் தெரியாதவளுக்கு நோன்பு எதுக்கு?" என்று மாமி அந்த நாள் முழுக்க முகம் பார்க்கவில்லை. அதன் பிறகு அவள் அகப்பையை மூக்கு வரைக்கும்கூடக் கொண்டு போவதில்லை.

மறுநாள் பின்னேரமும் கை வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. அவளுக்கு நோன்பில்லாத நாட்கள் போலிருக்கிறது என்று றம்லத் எண்ணினாள். கேட்கக் கூச்சமாக இருந்தது. தாத்தா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

கற்றுக்கொடுக்க அந்தத் தாத்தாவுக்கு அலுப்பே வரவில்லை. உள்ளே வா என்றால் மட்டும் வரமாட்டாள்.

"சிவப்பரிசியே போதும், அதுதானே மலிவு. வறுத்துக் குறுணியா இடி. வறுத்தது சுருக்கா வேகும், வெறகும் மிஞ்சும். உள்ளி ரெண்டு பல்லு, இஞ்சி ஒரு துண்டு, வெந்தயம் ஒரு சிட்டிகை. முதப்பால இறக்குற நேரம் ஊத்து, கொதிக்க விட்டா திரிஞ்சிரும்."

"கறிக்கு ஒண்டுமில்ல தாத்தா. சந்தையும் இல்ல."

"கண்ணு எங்க ஈக்கு உனக்கு? முருங்கை நிக்குது, பப்பாசி நிக்குது, கிணத்தடியில வல்லாரை மிதிபடுது. பப்பாசிக்காயப் பால் விட்டுப் பாலாணம் ஆக்கு, நோயாளி வயித்துக்கு நல்லம். கீரைய நறுக்கித் தேங்காப்பூவோட ஒரு பிரட்டுப் பிரட்டி எறக்கு. மூடாத, கறுத்துப் போகும். பருப்பு வேகுற வரைக்கும் உப்புச் சிரட்டையத் தொடாத."

ஒரே அடுப்பு, இரண்டு சட்டி, கொல்லையில் முளைத்தது. றம்லத்துக்குக் கை வந்தது. முஹ்ஸின் கோப்பையை வழித்தான். "இன்னும் கொஞ்சம் ஈக்கா?" என்று அவன் கேட்ட அன்று அவள் குசினிக்குள் வந்து சத்தமில்லாமல் அழுதாள்.

மாமிதான் ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கால் வலியால் அவர் குசினிப் பக்கம் வருவதில்லை. முன்னறையில் தொழுகைப் பாயில் இருந்தபடியே நோன்பு திறப்பார். பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, கஞ்சியை வாயில் வைத்ததும் நிறுத்தினார்.

"உப்பு என்ன, உன்ட வாப்பா வீட்டுலேந்து வரணுமா?"

"அவர் நல்லா சாப்பிட்டாரே மாமி."

"அவன்ட நாக்கு செத்துப் போய்க் கெடக்கு. எனக்கு இன்னும் உசிரு ஈக்கு. கொண்டா உப்ப."

ஒவ்வொரு நாளும் தாத்தா நக்கிப் பார்த்து, "உப்புக் கூட. நாளைக்குக் குறை," என்றாள். றம்லத் குறைத்தாள். குறைக்கக் குறைக்க முஹ்ஸின் ஆசையாகச் சாப்பிட்டான். மாமி தட்டத்தின் ஓரத்தில் உப்பைக் குவித்து வைத்துக்கொண்டார். "உப்பு ஆகாத வாய் ஒண்டு ஈக்கு, தெரியுமா புள்ள? மவுத்தாகி மண்ணுக்குள்ள போனவங்கட வாய். அவங்களுக்கு ஆக்குற மாதிரி ஆக்குறா," என்று சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

அப்போதிக்கரி மறுபடி வந்தார்.

"சாப்பிடுறாரா?"

"வழிச்சுச் சாப்பிடுறாரு."

அவர் முஹ்ஸினின் மணிக்கட்டை விரல்களால் வளைத்துப் பிடித்தார். விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. "அப்ப எங்க போகுது?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கஞ்சியை ஊற்றியபோதுதான் றம்லத் நாட்களை எண்ணிப் பார்த்தாள். இந்தத் தாத்தாவுக்கு நோன்பில்லாத நாட்கள் எந்தப் பெண்ணுக்கும் இருக்கக்கூடிய நாட்களைத் தாண்டிவிட்டிருந்தன. இன்னொரு காரணமும் இருக்கலாமே என்று தோன்றியது. கூச்சத்தோடு கேட்டாள்.

"தாத்தாக்கு வயித்துல புள்ளயா?"

பெண் உள்ளங்கையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"முந்தி ஈந்திச்சு," என்றாள்.

நோன்பு திறந்த பிறகு றம்லத் மாமியிடம் மெதுவாகக் கேட்டாள். பலா மரத்துக்குப் பின்னால் உள்ள வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

"அங்க ஆரு ஈக்கு? காய்ச்சலுக்குப் பயந்து நோன்புக்கு முந்தியே பூட்டிட்டுக் கண்டிக்குப் போய்ட்டாங்க, மகள் வீட்டுக்கு. எதுக்குக் கேக்குற?"

"சும்மா."

அவள் முஹ்ஸினிடம் போனாள். அவன் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"இப்பதான் உனக்குக் கை வந்தீக்கு," என்றான். "அப்படியே சகீனாட கை."

சகீனா அவனுடைய முதல் மனைவி. பிரசவத்தில் பிள்ளையோடு போனவள். அந்த வீட்டில் அவளைப் பற்றி அதற்கு மேல் ஒரு பேச்சும் றம்லத் கேட்டதில்லை.

"நாளைக்கு உப்பே வேணாமாம்," என்றான் முஹ்ஸின்.

வேணாம் என்று அவன் சொல்லவில்லை. வேணாமாம் என்றான். றம்லத் அவன் பக்கம் குனிந்தாள்.

"ஆரு சென்னது?"

அவன் புன்னகை செய்தான். அப்படியே உறங்கிவிட்டான்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் கஞ்சி ஆக்கினாள். வறுத்த குறுணி, உள்ளி, இஞ்சி, வெந்தயம். முருங்கை இலையை உருவிப் போட்டாள். எல்லாம் அந்தப் பெண் சொல்லித் தந்ததுதான், வேறு விதம் அவளுக்குத் தெரியாது. முதற்பாலை ஊற்றி இறக்கும்போது கை அரைக்கதவுக்கு மேலாக வந்தது.

"ஊத்து."

றம்லத் அகப்பையைச் சட்டியில் விட்டு எடுத்தாள். கை காத்திருந்தது. வெயில் சரிந்திருந்தது. அன்றுதான் அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் தெரிந்தது. சாதாரண முகம், இளைய முகம். பசித்த முகம்.

றம்லத் அகப்பையைத் தன் வாயில் வைத்தாள். துப்பவில்லை. வாய் நிறையக் கஞ்சியை விழுங்கினாள். நாக்கு வெந்தது. அதில் ஒரு ருசியும் இல்லை. ஊறப்போட்ட துணியைச் சப்பியது போல இருந்தது. இதையா இத்தனை நாளும் அவருக்கு ஊட்டினேன் என்று நினைத்தாள். உப்பைக் கிள்ளிப் போட்டுக் கிளறினாள், மறுபடி குடித்தாள். போதவில்லை. இன்னும் போட்டாள். மூன்றாம் தடவை அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது கஞ்சியாக இருந்தது.

"நோன்பு போச்சே, தங்கச்சி," என்றாள் கதவுக்கு அப்பால் நின்றவள். குரலில் கோபம் இல்லை.

"உசிரோட ஈக்கிறவளுக்குத்தானே தாத்தா அது போகும்."

நீண்டிருந்த கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு விரல்கள் மூடிக்கொண்டன. கதவின் விளிம்புக்குக் கீழே இறங்கின. றம்லத் எட்டிப் பார்க்கவில்லை. கோப்பையில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

முஹ்ஸின் முதல் வாயைத் துப்பினான்.

"என்னத்தப் போட்டு வச்சீக்க?"

"குடிங்க."

"வேணாம். அவளக் கூப்பிடு."

"அவங்க போய்ட்டாங்க. நான்தான் ஈக்கிறன். குடிங்க."

அவன் தலையை ஆட்டினான். பாயைப் பிறாண்டினான். சகீனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். முன்னறையில் மாமி ஓதுவதை நிறுத்தினார். றம்லத் அவன் தலையைத் தன் மடியில் இறுக்கிக்கொண்டு தாடையைப் பிடித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். அவன் அவள் கையைக் கடித்தான். அவள் விடவில்லை. பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே போனது. கோப்பையின் அடி தெரியும்போது அவன் திமிறுவதை நிறுத்தினான்.

"எரியுது," என்றான். "தொண்டையெல்லாம் எரியுது. தண்ணி தா."

கொடுத்தாள். குடித்துவிட்டு அவளைப் பார்த்தான். யாரென்று தெரிந்த பார்வை.

மறுநாள் காய்ச்சல் வழக்கம் போல் மத்தியானம் வந்தது, முன்னைப் போல் உதறவில்லை. றம்லத் அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்துக் கொடுத்தாள். முஹ்ஸின் பாதி சாப்பிட்டான். கருவாடு இல்லையா என்று கேட்டான். இல்லை என்றாள். அப்போதிக்கரி வரவில்லை, அவருக்கே காய்ச்சல் என்றார்கள். கடுகண்ணாவைப் பக்கம் இரண்டு மையத்துகளைத் தூக்கிப் போனார்கள். மாமி நோன்பு திறந்து, உப்புக் கேட்காமல் இரண்டு கோப்பை கஞ்சி குடித்தார். பிறகு தொழுகைப் பாயை எடுத்துக்கொண்டு பின்வாசலை ஒட்டிய அறைக்குப் போய்ப் படுத்தார். கிழக்கே இடி கேட்டது. மழை பேராதனைப் பக்கம் பெய்ததாகக் கடைசி பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள்.