வெள்ளைப் போமில் செதுக்கிய மயில்

றொபட் அன்று குடித்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அவன் மனைவி கேட்டபோது தெரியாது என்றேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். என்மேலும் கோபம், அன்று வெள்ளவத்தையில் கூடி நின்றவர்கள் மேலும் கோபம்.

கொட்டாஞ்சேனையில் எனக்கொரு சிறிய பட்டறை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறேன். தட்டையாக எழுதுவதல்ல, போம் என்கிற நுரைப் பலகையில் செதுக்கி, உருவங்களை எழும்பி நிற்கச் செய்வது. செய்தவற்றைச் சுவரில் ஏற்றிப் பூட்டுவது றொபட்டின் வேலை. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். பிள்ளை பிறந்தபின் அடியோடு விட்டான்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் தையற்கடை திறக்க இருந்த சுகந்தி அக்கா, தோகை விரித்த மயில் கேட்டார். இரண்டு போம் துண்டுகளை அவர் முன்னால் வைத்தேன். ஒன்று வெள்ளை ரெஜிபோம். டிவி பெட்டிக்குள் அடைத்து வருமே, அந்தச் சாமான். மற்றது வெளிநாட்டிலிருந்து வரும் அடர்த்தியான மஞ்சள் போம். இரண்டிலும் ஒரே இறகைச் செதுக்கினேன். வெள்ளையில் விளிம்பு மணி மணியாக உதிர்ந்தது. மஞ்சளில் இறகின் நரம்புகூடத் துல்லியமாக விழுந்தது. பிறகு இரண்டிலும் ஸ்க்ரூ ஏற்றி இழுத்துக் காட்டினேன். வெள்ளையிலிருந்து கையோடு வந்தது. மஞ்சள் விடவில்லை.

"கடல் காத்து அல்லோ தம்பி. பிடிச்சு நிக்கிறதையே போடுங்கோ," என்றார் அக்கா.

ஓம் என்றேன்.

புறக்கோட்டைக் கடைகளில் மஞ்சள் போம் தீர்ந்திருந்தது. கடை திறப்புக்கோ நாள் குறித்தாகிவிட்டது. அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை? அவ்வளவு பெருமையாகச் செய்து காட்டிவிட்டு, இப்போது கிடைக்கவில்லை என்று போய் நிற்கக் கூச்சம். வேறொன்றுமில்லை. வெள்ளையில் செதுக்கினேன். உதிர்ந்த விளிம்புகளைப் பட்டி பூசி மூடினேன். கனக் குறைவில் பிடிபடக்கூடாதென்று நடுவே மரக்கட்டைகளைப் புதைத்தேன். பெயின்ட் அடித்ததும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

றொபட்டிடமும் மஞ்சள் என்றே சொன்னேன். மஞ்சளை எப்படிப் பூட்ட வேண்டுமோ அப்படியே பூட்டினான். காலை முழுவதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன் நான். அவன் குடித்தது வெறும் பிளேன்டீ.

தென்மேற்குக் காற்று தொடங்கியபின், ஒரு பகலில் மயில் கழன்று விழுந்தது. துணி தைக்கக் கொடுக்க வந்திருந்த பெண்ணின் தோள் எலும்பு முறிந்தது.

நான் போய்ச் சேருமுன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பூட்டினவன் குடிகாரனாம். யார் முதலில் சொன்னது? எவருக்கும் தெரியாது. அவன் குடியை விட்டுவிட்டானே என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. சுகந்தி அக்கா காயப்பட்டவளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். உடைந்த துண்டுகள் வெள்ளை வெள்ளையாகத் தரையெங்கும் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை! அங்கே நின்றிருந்தால் நீங்கள் மட்டும் பார்த்திருப்பீர்களா?

அந்தத் துண்டுகளை அவசரமாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டவன் நான்.

மாலையில் றொபட்டின் மனைவி ஸ்டெல்லா பட்டறைக்கு வந்தாள்.

"நீங்க கூடவே இருந்தீங்கதானே அண்ணே. அவர் குடிச்சிருந்தாரா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது தங்கச்சி."

இல்லை என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆனால் அதைச் சொன்னால், பிறகு ஏன் விழுந்தது என்ற கேள்வி வரும்...

நான் தெரியாது என்றதை அவள் ஓம் என்றே எடுத்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரத்மலானையிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். றொபட்டுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. சில மாதங்களில் அவன் மெய்யாகவே குடிக்கத் தொடங்கினான். உடனே எல்லோரும், நாங்கள் அன்றைக்கே சொன்னோமே என்றார்கள். எவ்வளவு திருப்தி அந்த முகங்களில்! அதைக் கேட்டுக்கொண்டே நான் அடுத்த பெயர்ப்பலகையைச் செதுக்கினேன்.

அண்மையில்தான் றொபட்டைத் தேடிப் போனேன். எதையும் கேட்டு விளங்கிக்கொள்ளும் நிலையில் அவன் இல்லை. அதனால் இரத்மலானைக்குப் போய், ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், காறித் துப்புவாள் என்று நினைத்திருந்தேன்.

"பிள்ளைட தலைல கை வச்சு சத்தியம் பண்ணினார் அண்ணே," என்றாள். "நான் அவர நம்பல்ல. உங்களத்தான் நம்பினேன்."

உள்ளே பிள்ளை கூப்பிட்டது. எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை, திரும்பி வரவுமில்லை. போவதா, இருப்பதா என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன்.