பொறியியல் முகாமுக்கு ஒரு பட்டுப்புடவை

முகாமுக்குக் கொண்டுவர வேண்டிய பொருட்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. கால்குலேட்டர், ஷூ, போர்வை, பக்கெட், பூட்டு. அதற்குக் கீழே, மாணவிகள் மட்டும் பட்டுப்புடவை ஒன்று.

"இன்ஜினியரிங் கத்துக்கப் போற எடத்துல புடவை எதுக்குடி?" என்று அம்மா கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. கலைநிகழ்ச்சி ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா தன்னுடைய மாம்பழ நிறப் பட்டை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். இப்போது பீரோவைத் திறக்கும்போது அந்த நிறம் கண்ணில் பட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புடவை என்ன பாவம் செய்தது, ஆனாலும் வருகிறது.

நான் ப்ளஸ் ஒன் முடித்திருந்த கோடை விடுமுறை அது. துறையூர் ரோட்டில் திருவெள்ளறையைத் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பள்ளிப் பிள்ளைகளை ஹாஸ்டலில் தங்கவைத்து ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அப்பாவுக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. என்னை பி.காம். சேர்த்துவிட்டு, சாயங்காலத்தில் கடையையும் என் தலையில் கட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். நான் சிவில் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வீட்டில் நாங்கள் முகம் கொடுத்துப் பேசி வெகு நாளாகியிருந்தது. கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"போயிட்டு வா. கடைசி நாள் நான் வரேன். நீ அங்க என்ன செய்றேன்னு என் கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசிக்கலாம்."

ஆக, என் படிப்பு அந்தக் கடைசி நாளை நம்பி இருந்தது. அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் நாளே குழு பிரித்து, கடைசி நாள் காட்சிக்குக் குழுவுக்கு ஒரு மாடல் செய்யச் சொன்னார்கள். என் குழுவில் இரண்டு பையன்கள், நான், உப்பிலியபுரத்துப் பெண் ஒருத்தி. அவள்தான் ஹாஸ்டலில் என் அறைத்தோழியும். என்ன செய்வது என்று பையன்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, அணை ஷட்டர் செய்யலாம் என்று நான் சொன்னேன். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் ஊரே பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்க்கும். நான் மட்டும் மேலணையில் ஷட்டரை எப்படித் திறந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் ஏறினால் யாரும் கை வைக்காமல் தானே திறக்கிற கதவு, அதுதான் என் ஆசை.

ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் நடுவே தகட்டுக் கதவு, ஒரு பக்கம் மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். மிதவை ஒரு கம்பியைத் தூக்கும். கம்பியில் கட்டிய நூல் கதவை மேலே இழுக்கும். சூட்சுமம் முழுக்க அந்த நூலின் நீளத்தில்தான் இருந்தது. ஒரு விரல் அகலம் கூடினால் போதும், நூல் தொய்ந்துவிடும். மிதவை உச்சிக்குப் போனாலும் கதவு அசையாது. பூக்கட்டுகிற வெள்ளை நூலை வைத்துக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி, நான்காம் நாள் மதியம் சரியான நீளத்தைப் பிடித்தேன். கதவு சிணுங்காமல் எழுந்தது. உப்பிலியபுரத்துக்காரி என் முதுகில் ஓங்கி அடித்துச் சிரித்தாள்.

ஆனால் ஆறு மணியானால் பெண்கள் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பையன்களுக்கு ஒர்க்‌ஷாப் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் திறந்திருக்கும். முகாமை நடத்திய பேராசிரியரிடம் போய்க் கேட்டேன்.

"உங்க சேஃப்டிக்குத்தாம்மா" என்றார், சிரித்தபடி.

ஒர்க்‌ஷாப் வாசல் எங்கள் ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து தெரியும். அங்கே என்னை எது கடித்துத் தின்னும்? எங்களுக்கு ஆபத்து என்றால் ஆபத்தையல்லவா உள்ளே போட்டுப் பூட்ட வேண்டும்? இதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் விளக்கைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் காலையில் புடவையின் ரகசியம் வெளிப்பட்டது. சிறப்பு விருந்தினர் வருகிறார், மாணவிகள் அத்தனை பேரும் பட்டுடுத்தி வாசலில் நின்று வரவேற்க வேண்டுமாம். ஒருத்தி கையில் சந்தனக் கிண்ணம், ஒருத்தி கையில் கற்கண்டு. என் கையில் பன்னீர்ச் செம்பு.

"சார், ஷட்டரை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன் சார்."

"அதெல்லாம் பசங்க பாத்துப்பாங்க. நீங்க பூ வெச்சுக்கிட்டு ரெடியாகுங்க."

விருந்தினர் வருவதாக இல்லை. வெயில் ஏறியது, மை கரைந்தது. உப்பிலியபுரத்துக்காரி கற்கண்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நாம என்ன பொண்ணு வீட்டுக்காரங்களா?" என்று முணுமுணுத்தாள்.

அப்பா வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. நான் அவர்மேல் பன்னீர் தெளித்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "மகாலட்சுமி மாதிரி இருக்கம்மா" என்றார். போனை எடுத்து ஒரு படம் பிடித்து, அங்கேயே நின்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார்.

"அப்பா, உள்ள மூணாவது டேபிள். தண்ணித் தொட்டி. அது நான் செஞ்சது, பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன்" என்று உள்ளே போனார்.

விருந்தினரும் ஒருவழியாக வந்தார், பன்னீர் வாங்கிக்கொண்டு, எங்களோடு நின்று கல்லூரி கேமராவுக்குச் சிரித்துவிட்டு உள்ளே போனார். இன்னும் ஆட்கள் வருவார்கள், நகராதீர்கள் என்று எங்களை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். சிறிது நேரத்தில் உள்ளே ஒரே கூச்சல். செம்போடு கதவருகே ஓடினேன். தொட்டி நிரம்பி வழிந்து மேஜையெல்லாம் தண்ணீர், விருந்தினரின் ஷூவெல்லாம் தண்ணீர். மிதவை உச்சியில் நின்றது. கதவு அசையவில்லை. கம்பியில் என் வெள்ளை நூலைக் காணோம். பளபளவென்று ஜரிகைக் கயிறு ஒன்று தொய்ந்து தொங்கியது.

"நூல் அழுக்கா இருந்துச்சு. சீஃப் கெஸ்ட் வர்றாரேன்னு நேத்து ராத்திரி மாத்தினோம்" என்றான் என் குழுப் பையன் ஒருவன். நான் பூட்டுக்குள் இருந்த நேரத்தில் அதற்கும் பட்டுக் கட்டிவிட்டிருந்தார்கள்.

பேராசிரியர் விருந்தினரிடம் குனிந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கேர்ள்ஸ் டிசைன் சார். ஏதோ முயற்சி பண்ணியிருக்காங்க." காலையில் பசங்க பார்த்துக்கொள்ளும் ஷட்டர், தண்ணீர் கொட்டியதும் பெண்கள் ஷட்டராகிவிட்டது! எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பன்னீர்ச் செம்பை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. கவிழ்க்கவில்லையே என்று இப்போதும் வருத்தம்தான்.

அங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொன்ன தொட்டியை நான் கையோடு தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"வாசல்ல எவ்வளவு அழகா நின்ன. இந்தத் தண்ணி, மெஷினு எல்லாம் நமக்கு எதுக்கும்மா? பி.காமே போதும்."

நான் தொட்டியை மடியில் இறுக்கிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் பஸ்ஸே நின்றிருக்கும். வீட்டுக்கு வந்ததும், புடவையை மாற்றாமல், தொட்டியைக் கொல்லைக் குழாயடியில் வைத்தேன். ஜரிகையை அறுத்து எறிந்துவிட்டு, அம்மாவின் பூநூலை அளந்து கட்டினேன். குழாயைத் திறந்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். தண்ணீர் ஏறியது, மிதவை ஏறியது, கதவு எழுந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

"இது நல்லா ஓடுதே. அப்புறம் உன்னை எதுக்கு வாசல்ல நிக்க வெச்சாங்க?"

"என்னைக் கேக்காதீங்க. போட்டோ எடுத்தது நீங்கதான்."

அவர் குழாயை மூடினார். எழுந்து உள்ளே போனார். சிறிது நேரத்தில் என் போனில் பார்த்தேன், ஸ்டேட்டஸில் அந்தப் படம் இல்லை. பி.காம். பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவும் இல்லை.

அடுத்த கோடையில் சிவில் சேர இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிந்துவிட்டு நானும் அப்பாவும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். எதிரே அதே முகாமுக்குப் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ். கையில் ஸ்பேனரோடு பையன்கள், ரோபோவோடு பையன்கள். ஓரத்தில், மாம்பழ நிறப் பட்டில், பன்னீர்ச் செம்போடு நான். ஷட்டர் எங்கேயும் இல்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த நம்பரைப் பார்த்து டயல் செய்தார். யாரிடம் பேசினாலும் முதலில் பெயரையும் கடையையும் சொல்லுகிற மனிதர் அவர். அன்றைக்கு இரண்டையும் சொல்லவில்லை.

"அந்த ஷட்டர் செஞ்ச பொண்ணோட அப்பா பேசறேன்" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.