கரண்டிவாயனுக்கு ஒரு கியூ

பம்பாயில் எதையாவது கையில் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் அசையாமல் நிற்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் நின்றேன்… பட்டேன்.

எங்கள் வீட்டில் மூன்று குளிர்காலமாக ஒரு சண்டை. செம்பூரைத் தாண்டி, மாஹுல் பக்கத்துச் சேற்றுக்கு ஒரு வெள்ளைப் பறவை வருகிறது. கரண்டிவாயன் என்கிறேன் நான். கொக்கு என்கிறாள் என் மனைவி. அலகின் நுனி கரண்டி போல் அகலமாக இருந்தால் நான் ஜெயித்தேன். ஆனால் கரையிலிருந்து அலகா தெரிகிறது? வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது!

ஆபீஸில் ஒரு பார்ஸிக்காரரைக் கெஞ்சி, ஒரே ஒரு நாளைக்கு பைனாகுலர் வாங்கினேன். மாதுங்காவிலிருந்து பஸ் பிடித்து, காலையிலேயே இருவரும் போய் நின்றோம். பறவை இருந்தது. அலகைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. வெளியே எடுக்கட்டும் என்று காத்திருந்தேன்.

எனக்குப் பின்னால் மனைவி. அவளுக்குப் பின்னால் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர்… அவ்வளவுதான், கியூ! பாலுக்கும் சர்க்கரைக்கும் நின்று பழகின ஜனங்கள். இங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று இந்தியில் விசாரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

மனைவி ஒரு நிமிஷம் கேட்டாள். கொடுத்தேன். பார்த்தாள், பின்னால் இருந்தவரிடம் நீட்டிவிட்டாள். நான் பாய்ந்து கையை நீட்டினேன். அடுத்து நின்ற தாராவிக்காரர் — பேச்சிலேயே திருநெல்வேலி — என்னைத் தடுத்தார்.

“நாங்க அப்பமே நிக்கோம்லா. வரிசையில வாங்க, அண்ணாச்சி.”

போனேன். நான் வாங்கிவந்த பைனாகுலருக்கு, நானே கியூவின் கடைசியில்! ஏன் போனேன்? பம்பாய்த் தண்ணீர் குடித்த கால், தானாகப் போகிறது.

ஒவ்வொருவரும் ரேஷன் அரிசியில் கல் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார்கள். ஒருவர் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சின்னதாகத் தெரிகிறதே என்று என்னிடமே குறைப்பட்டார்.

என் முறை வந்தது. கண்ணில் வைத்தேன். சேறு தெரிந்தது. பறவை டிராம்பே பக்கம் போயே போய்விட்டது.

திரும்பவும் பஸ் பிடித்தோம். மாதுங்காவில் இறங்கும்போது மனைவி மெதுவாகச் சொன்னாள்.

“ஏன்னா, நீங்க சொன்னதுதான் சரி. அது கொக்கு இல்லை. மூக்கு அசல் நம்மாத்து சாதக் கரண்டி.”

மூன்று வருஷச் சண்டையில் எனக்கே வெற்றி. அதைக் கரையில் நின்ற அத்தனை பேரும் கண்ணாரப் பார்த்தார்கள்… என்னைத் தவிர!