ஒற்றை வரிசை பினாயில்

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலை வரைக்கும் போய் ஒரு பாட்டில் பினாயில் வாங்கி வந்தேன்.

நாகர்கோவிலில் பினாயில் கிடைக்காதா? கிடைக்கும். எங்கள் தெருமுனையிலேயே கிடைக்கும். வீட்டில் ஏற்கெனவே பாதி பாட்டில் இருக்கிறது. ஆனாலும் வாங்கினேன்... ஒரு கல்யாணத்துக்காக!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கலாம் என்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பினாயிலை மாற்றவில்லை.

என் சிநேகிதர் சுயம்பு ஆரல்வாய்மொழிக்காரர். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் நாலா பக்கமும் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் சுற்றும். அவர் போனில் பேசினாலும் பின்னணியில் காற்றுதான் அதிகம் பேசும்.

"ஓய், நீரு சும்மாதானே இருக்கீரு?"

கவிதை எழுதுகிறவனைப் பார்த்து உலகம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சும்மா இல்லை, ஒரு வரிக்குள் கால் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? "சும்மாதான்" என்றேன்.

"அப்ப சட்டையைப் போடும். கார்ல வாறோம். அக்கா மகனுக்குத் தக்கலையில ஒரு பிள்ளையைப் பாக்கணும். கடையில வேலை பாக்குகா. சாமான் வாங்குக மாதிரி போயி பாத்துட்டு வந்துரலாம்."

"அதுக்கு நான் எதுக்கு?"

"எங்க மொகத்தைப் பாத்தாலே பொண்ணு பாக்க வந்த கூட்டம்னு தெரிஞ்சிரும். நீரு வந்தா, ஏதோ வாங்க வந்துட்டு மறந்துபோயி நிக்குக ஆளு மாதிரி இருக்கும்."

பாராட்டா, வசவா? யோசிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். முறைப்படி தட்டுத் தாம்பாளத்தோடு போவதற்கு முன்னால், சொல்லாமல் ஒரு தடவை போய்ப் பெண்ணைப் பார்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கோயிலில் பார்ப்பார்கள், பஸ் ஸ்டாப்பில் பார்ப்பார்கள், வேலை பார்க்கிற இடத்தில் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம். பெண்ணுக்கு எதுவுமே தெரியாது - என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கார் வந்தது. மாப்பிள்ளை நாகராஜன்தான் ஓட்டினான். முன் சீட்டில் சுயம்பு. பின்னால் அவருடைய அக்கா பொன்னம்மை, பட்டுச்சேலையும் தலை நிறைய பிச்சிப்பூவுமாக. ரகசியமாகப் பார்க்கப் போகிற லட்சணம்!

நான் ஏறி உட்கார்ந்ததுமே அக்கா எனக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார்.

"தம்பி, அங்க வச்சு யாரும் எதுவும் கேட்டா, பையன் துபாய்ல பெரிய கடையில மேனேஜரு. லீவுல வந்திருக்கான். அவ்வளவுதான், கேட்டியளா?"

"அம்ம, கடையை மூடியாச்சுன்னு சொன்னா என்ன குறைஞ்சு போவும்?" கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக் கேட்டான் நாகராஜன். "நான் மேனேஜரும் இல்ல."

"நாரோயில் சம்பந்தம் எதுனால போச்சு? நீ வாயை வச்சிட்டு சும்மா இருக்காததுனால. தாம்பூலம் மாறட்டும், பொறவு சொல்லிக்கலாம்."

அவன் கியரை மாற்றினான்.

விஷயம் இதுதான். அவன் வேலை பார்த்த துபாய் டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு மாடி மேல் மாடி, எஸ்கலேட்டர், ஈச்சமரம் எல்லாம் உண்டு. எண்ணெய் ஊற்றி வளர்த்த நகரத்திலேயே கட்டடங்கள் பாதியில் நிற்கும்போது கடை மட்டும் நிற்குமா? இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் 'லீவில்' வந்திருக்கிறார். திரும்பிப் போகிற தேதியைத்தான் யாரும் சொல்வதில்லை. அது தெரிந்த இடமெல்லாம், நாகர்கோவில் உட்பட, பொன்னம்மை அக்காவைக் கைகழுவிவிட்டது. மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஒரு தாய் பொய் சொல்ல இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

பெண் நல்ல இடம் என்றார் தரகர். ஊர் ஊராகக் கிளை விரித்த தள்ளுபடிக் கடையில் சூப்பர்வைசர். ஏசி. கம்பெனி உத்தியோகம்.

அந்தக் கடையை எனக்குத் தெரியும். பச்சை போர்டு கடை என்றால் தக்கலையில் தெரியாதவர் கிடையாது. திறந்த புதிதில் கடியப்பட்டணத்திலிருந்தெல்லாம் ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். டிராலியில் பிள்ளைகள், பிள்ளைகள் மடியில் பிஸ்கட்! விலை அப்படி. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியே அங்கே போய்ச் சீனி வாங்கி வந்துதான் எங்களுக்கு விற்றார். இனி சின்னக் கடை எதுவும் பிழைக்காது என்று நானே வாரா வாரம் எழுதுகிற இந்தப் பக்கத்தில் கண்ணீர் வடித்த ஞாபகம். அண்ணாச்சி இன்னும் கடை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடலை மடித்தும் கொடுத்தார்.

நான் அங்கே போய் ரொம்ப நாளாகியிருந்தது. உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன்.

டியூப் லைட் ஒன்று விட்டு ஒன்று எரிந்தது. ஏசி இல்லை. பை வாங்கி டோக்கன் கொடுக்கிற மேஜை இருந்தது, ஆள் இல்லை. டிராலிகள் ஒன்றுக்குள் ஒன்று முகம் புதைத்து மூலையில் நின்றன.

ஆனால், ஆச்சரியம்! ரேக்குகள் நிறைந்திருந்தன. கிட்டே போனேன். ஒரு ரேக் முழுக்க பினாயில். அடுத்தது முழுக்க கஸ்டர்டு பவுடர். அதற்கடுத்தது பிறந்தநாள் மெழுகுவத்தி. ஒரே சாமானை நீள நீளமாகப் பரப்பி, லேபிள் முன்னால் பார்க்க, விளிம்பு வரை இழுத்து வைத்திருந்தார்கள். ஒற்றை வரிசைதான். பின்னால் வெறும் தகரம், தகரத்துக்குப் பின்னால் சுவர்.

ஒரு கடை எப்படிச் சாகிறது தெரியுமா? முதலில் காப்பித்தூள் போகும். பிறகு சோப்பு. பிறகு பால்பவுடர். சரக்கு லாரி வருகிற சத்தம் நின்றுபோகும். கடைசி வரை கூட நிற்பது பினாயில்தான்.

கல்லாவில் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எழுந்து நின்றாள். கடையிலிருந்த ஒரே ஆள். நெஞ்சில் பேட்ஜ்: கலா.

பொன்னம்மை அக்கா வேலையை ஆரம்பித்தார்.

"சம்பா அரிசி இருக்கா பிள்ளே?"

"இல்லியே அம்மா."

"சீனி?"

"தீந்து போச்சு."

"காப்பித்தூளு?"

"வரும்னு சொல்லியிருக்காவ."

"பின்ன என்னதான் இருக்கு?"

"பினாயில் இருக்கு. கஸ்டர்டு இருக்கு. மெழுகுவத்தி வேணும்னா நெறைய இருக்கு." சொல்லும்போது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. முழுக்கடையின் மரியாதையோடு சொன்னாள்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தியதாக அவருக்கு நினைப்பு. "இதுவா பெரிய கம்பெனி? நாளைக்கே மூடிருவாவ போலிருக்கே. வாய் கூசாம சொல்லி ஏமாத்தியிருக்காவ, பாத்தியா?"

"எக்கா, பைய..." என்றார் சுயம்பு மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே. "நாம மட்டும் என்னத்தைச் சொல்லிட்டு வந்திருக்கோம்?"

ஏதாவது வாங்கித் தொலைக்க வேண்டுமே என்று நான் ஒரு பினாயில் பாட்டிலை எடுத்தேன். பல் விழுந்த மாதிரி வரிசையில் ஓர் ஓட்டை. அது வழியாகச் சுவர் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற நாகராஜனின் கை தானாக நீண்டது. இரண்டு பக்கத்துப் பாட்டில்களையும் இழுத்து ஓட்டையை மூடினான். கோணலாக நின்ற ஒன்றை லேபிள் முன்னால் வருகிற மாதிரி திருப்பினான். உள்ளங்கையை விளிம்போடு ஓடவிட்டு எல்லாவற்றையும் நேராக்கினான். சட்டைப் பித்தான் போடுகிற மாதிரி... யோசிக்காமல்.

அதே ஓட்டையை மூடுவதற்காகக் கல்லாவிலிருந்து பாதி தூரம் வந்துவிட்ட கலா, ரேக்கின் மறுமுனையில் நின்றுவிட்டாள்.

"நீங்க ரேக்குல நின்ன ஆளா?" என்று கேட்டாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் கண்கள் 'மேனேஜர், மேனேஜர்' என்று உருண்டன.

"ஆமா. சோப்பு, ஷாம்பு செக்‌ஷன்ல."

"மேனேஜருன்னாவ?"

"அது அம்ம சொன்னது."

சுயம்பு ஒரு கஸ்டர்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு கவனமாக எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

கலா இன்னொரு பாட்டிலைத் தொட்டு நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. "திரும்பிப் போறியளா துபாய்க்கு?"

பொன்னம்மை அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. இதோ, நாகர்கோவில் சம்பந்தம் போன அதே இடம். ஒரு 'ஆமாம்' போதும், தாம்பூலம் வரை தாங்கும்.

"இல்ல" என்றான் நாகராஜன். "கடையை மூடியாச்சு. கடைசி மாசம் நானும் இப்பிடித்தான்... ஒத்தை வரிசையா இழுத்து இழுத்து வச்சிட்டு நின்னேன்."

டியூப் லைட் ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது.

"எங்களுக்கும் இந்த மாசத்தோட செரி" என்றாள் அவள். "நிச்சயம் முடியுகது வரைக்கும் மூச்சு விடப்பிடாதுன்னு வீட்டுல சொல்லியிருக்காவ."

"பின்ன ஏன் சொன்னிய?"

"ரேக்குக்குப் பின்னால பாத்த ஆளுகிட்ட என்னத்தை மறைக்க?"

பொன்னம்மை அக்காவுக்குத் தாங்கவில்லை. "பிள்ளே, நாங்க யாருன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பட்டுச்சேலை கெட்டி, பிச்சிப்பூ வச்சிட்டு பினாயில் வாங்க யாரு அம்மா வருவாவ? அதும் இந்தக் கடைக்கு, இப்பம்?"

அக்கா கை தன்னையறியாமல் தலைப்பூவுக்குப் போனது. அப்புறம் சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தார். வெட்கத்தை மறைக்கவோ என்னவோ, ஒரு பெட்டி மெழுகுவத்தியும் வாங்கினார். அவர்கள் வீட்டில் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற வழக்கமே கிடையாது.

பில் வந்தது. அடியில் வழக்கம்போல அச்சாகியிருந்தது: 'இன்று நீங்கள் சேமித்தது'. பக்கத்தில் இருந்த தொகையை நான் பார்க்கவில்லை. நாங்கள் சேமித்தது, இனிச் சொல்லத் தேவையில்லாத இரண்டு பொய்கள் என்று எனக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தால், யார்தான் இப்படி அடுக்கவில்லை? பத்து ஊரில் பத்துக் கிளை திறந்தவனும், மகனை மேனேஜர் ஆக்கிய தாயும், வாரா வாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிற நானும்... முன்னால் ஒற்றை வரிசை பளிச்சென்று நிற்கிறது. வாங்குகிறவர்கள் முன்னால் நிற்கிறவரை பிரச்னை இல்லை. ஒரு பாட்டிலை எடுத்துவிட்டால்தான் சுவர் தெரிகிறது. ஆனால், அந்த ஓட்டையைப் பார்த்ததும் சிரிக்காமல், கூட நின்று மூடிவிட ஒரு கை நீண்டால்? எனக்கென்னவோ அதற்குப் பெயர்தான் சம்பந்தம் என்று தோன்றியது.

திரும்பும்போது வில்லுக்குறி தாண்டியதும் அக்கா கேட்டார்: "கோவக்காரியா இருப்பாளோ?"

"இருக்க மாட்டா" என்றான் நாகராஜன்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"ஆளே வராத கடையில லேபிள் எல்லாம் நேரா இருந்துது அம்ம."

அக்கா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும்: "சுயம்பு, ரோட்டு மொகத்துல நம்ம முன்னறை சும்மாதானே கெடக்கு?"

"காத்துதான் கெடக்கு எக்கா."

"ரேக்கு அடிக்க நல்ல ஆசாரி கிட்டுவானா?"

"ஆசாரி எதுக்கு?" என்றான் நாகராஜன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூடினதும் அந்த ரேக்கையே வித்துருவாவளாம். நமக்கு ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லலாம்."

"யாரு சொன்னா?"

"கலாதான்."

"எப்பம்லே சொன்னா?"

"நீங்க மெழுகுவத்தி பாத்திட்டிருந்தியள்லா... அப்பம்."

சுயம்பு சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. அக்கா மகனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அடி இல்லை, அது வேறு.

நேற்று சுயம்புவிடமிருந்து மறுபடி போன். தரகர் இல்லாமலே இரண்டு வீடும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்களாம். பெண் வீட்டார், "எங்க பக்கத்துலயும் ஒண்ணு சொல்லாம விட்டுட்டோம்" என்று ஆரம்பித்ததும், பொன்னம்மை அக்கா "அதெல்லாம் பிள்ளைங்க பினாயில் பக்கத்துல வச்சே பேசியாச்சு, நீங்க காப்பியைக் குடிங்க" என்றாராம். நாள் குறித்தாயிற்று. கல்யாணம் முடிந்த கையோடு முன்னறையில் கடை. நிறைய சாமான், பல வரிசை ஆழத்தில். பெரிய கடை ஆக்குகிற உத்தேசம் இப்போதைக்கு இல்லை.

"ஓய், முதல்ல உப்பும் மஞ்சளும் அடுக்குகதுதான் முறை" என்றார் சுயம்பு. பின்னணியில் காற்று இரைந்தது. "அதுக்கடுத்து என்ன சரக்கு வைக்கலாம்? எழுதுக ஆளுல்லா, ராசியா ஒண்ணு சொல்லும்."

என்னிடம் சீல் உடைக்காத பினாயில் பாட்டில் ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

தள்ளுபடி மட்டும் கிடையாது!