கொடுக்காத பாட்டு

மகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான் கட்டிய புண்ணியவான். அந்த வருஷம் காலர்க்காரியைத் தாங்கிப் பிடித்தவை ஆறு பாட்டுகள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், டீ குடித்தார்கள், நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம் என்று ஒரு குத்தும் குத்திவிட்டுப் போனார்கள். பாட்டுக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது.

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குக் காலர் வேலை. அதனால்தான் அந்தப் பேர். அவள் தைத்துத் தள்ளுவது அடுத்தவளிடம் போகும், அங்கிருந்து அதற்கடுத்தவளிடம், வரிசையின் கடைசியில் பொத்தான்காரி. பொத்தான்காரிக்கும் இவளுக்கும் ஒரே தெரு. காலையில் ஒன்றாக நடந்து வருவார்கள், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவார்கள். வீட்டுக் கதை ஒன்று பாக்கியில்லாமல் இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் புது சூப்பர்வைசர் வந்து சேர்ந்தான். கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்கும், அதையே பேராக வைத்துவிட்டார்கள். வாயில் தேன் ஒழுகும் ஆள். வந்த வாரமே மேலே ஒரு ஸ்பீக்கரை மாட்டி, பிடித்த பாட்டெல்லாம் சொல்லுங்கள் அக்கா, இனிமேல் உங்கள் பாட்டுதான் இங்கே ஓடும் என்று ஒவ்வொரு மெஷினாக வந்து கேட்டான். காலர்க்காரி கிறங்கிப் போனாள். உனக்கு என்ன பிடிக்கும் என்று பிறந்தது முதல் அவளை ஒருத்தர் கேட்டதில்லை. கட்டியவன்கூடக் கேட்டதில்லை. மடமடவென்று ஐந்தைச் சொல்லிவிட்டாள்.

ஆறாவதைச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்த குழந்தையை ஒருத்தி கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிடுகிற மெதுவான பழைய பாட்டு அது. அப்பன் போனதிலிருந்து மகளுக்கு அதைப் பாடினால்தான் தூக்கம் வரும். வீட்டுச் சொத்தை எவனாவது கம்பெனிக்கு எழுதி வைப்பானா?

சொன்ன ஐந்தில் ஒன்று, ஏமாற்றியவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கிற பாட்டு. அதைக் கேட்டபடி அவள் பாத்திரம் தேய்த்தால் பாத்திரம் நசுங்கும். கம்பெனியில் கேட்டபோது கால் மெஷின் பெடலை நசுக்கியது. மெஷின் பறந்தது. காலர்கள் குவிந்தன, பின்னால் இருந்தவர்களும் வேறு வழியில்லாமல் பறந்தார்கள். ஸ்டாப்வாட்ச் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாளிலிருந்து டீ நேரம் முடிந்ததும் அந்தப் பாட்டுதான், திரும்பத் திரும்ப. ஒருநாள் அந்த வேகத்தையே எல்லோரும் தினம் முடிக்க வேண்டிய கணக்காக்கிவிட்டான். ஒருத்தியின் வயிற்றெரிச்சலைக் களவாடிச் சட்டை தைத்துக்கொண்டான், படுபாவி.

பெண்கள் அவனைத் திட்டவில்லை. அவனைத் திட்டினால் வேலை போகும், இவளைத் திட்டினால் என்ன போகும்? தண்ணீர் பிடிக்கப் போனால் வழி மறைத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போனார்கள். எல்லோருடைய வேகமும் மலையாய் வந்து குவிகிற இடத்தில் இருந்த பொத்தான்காரி, விரல் வீங்கிப்போய் ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"உன் புருஷன் ஓடிப்போனான்னா, அதுக்கு நாங்க ஏன்டி ஓடணும்?"

காலர்க்காரியும் சும்மா இருக்கவில்லை. உன் கைக்குப் பொத்தான் வேலையே அதிகம், வீட்டில் போய் வெங்காயம் உரி என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே தெருவில் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, காலையில் மெஷினைத் தொட்டதுமே மேலிருந்து ஆறாவது பாட்டு வந்தது. பாட்டா அது? போனில் ஏதோ செய்து வேகத்தைக் கூட்டியிருந்தான். பாடகியின் குரல் எலி கத்துவதுபோல் இருந்தது, நடுவில் டம்டம் என்று ஒரு கொட்டு வேறு. காலர்க்காரி திரும்பிப் பார்த்தாள். பொத்தான்காரி தலையைக் குனிந்துகொண்டு இல்லாத நூலைத் தேடினாள். அது மகளைத் தூங்கவைக்கிற பாட்டு என்று அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மானத்தை விட்டு அவனிடம் போனாள்.

"தம்பி, இது மட்டும் வேணாம். என் பொண்ணு இதைக் கேட்டுத்தான் தூங்கும்."

"இங்க யாரும் தூங்கக் கூடாதேக்கா," என்று சிரித்தான்.

வீட்டு வாடகையும் பள்ளிக்கூடமும் கண்முன் வந்து நின்றன. மெஷினுக்குத் திரும்பினாள். நாள் முழுக்க அது ஓடியது. மறுநாளும் ஓடியது. மாதக்கணக்கில் ஓடியது. அவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று ஒவ்வொரு காலருக்கும் ஒரு தடவை சபித்தாள். அவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஒரு விடுமுறை மத்தியானம். மகள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். காலர்க்காரி தட்டிக்கொடுத்துப் பாடினாள். இரண்டு வரி போவதற்குள் மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா இவ்ளோ அவசரமா பாடுற? நான் தூங்கினதும் எங்கயாவது போகப் போறியா?"

இல்லடி தங்கம் என்று அணைத்துக்கொண்டு மறுபடி பாடினாள். மெதுவாக வரவில்லை. கை தட்டிய தட்டுகூட அந்த டம்டம்தான். மகள் கண்ணை மூடவே இல்லை. அம்மாவின் புடவையை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை விழித்துக் கிடந்தாள்.

மறுநாள் பாட்டு ஆரம்பித்ததும் காலர்க்காரி ஸ்டூலின் மேல் ஏறினாள். நூல் வெட்டும் கத்தரியால் ஸ்பீக்கர் ஒயரை ஒரே வெட்டு. ஹால் கப்சிப். ஒவ்வொரு மெஷினாக நின்றது. ஸ்டாப்வாட்ச் ஓடிவந்து, வேகம் விட்டுப்போகக் கூடாதென்று பைத்தியக்காரன்போல் கையைத் தட்டினான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதில்தான் அவனுக்கு வெறி ஏறியது. வெட்டியது யார் என்று கத்தினான். அவள் கத்தரியை அவன் முன்னால் வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். இந்தப் பக்கமே தலைகாட்டாதே என்று அவன் கத்தியது கேட்டை அடையும்வரை கேட்டது.

கேட்டருகே பொத்தான்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"உனக்கென்ன, நீ பாட்டுக்குக் கிளம்பிட்டே. நாளைக்கே ஒயரை மாத்தி அதையேதான் போடுவான். தினம் தினம் நான்ல கேக்கணும்."

"கேளு. நீதானே கொடுத்தே."

தெருமுனையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று, காலர்க்காரி மகளின் பாட்டில் முதல் வரியைப் பாடிப் பார்த்தாள். அதே டம்டம் வேகத்தில் ஓடியது. சனியனே என்று திட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.